டோலிக்குத் தடசா, ஆச்சாவா

எனக்கு எண்பத்து நான்கு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன், ஆறும் தங்கின. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படிச் சொல்லிவிட முடியாது. அதனால் இதைச் சொல்லும்போது எனக்குத் தலை தானாக நிமிரும், நிமிரட்டும். படிப்பு மூன்றாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸின் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அதற்கு மேல் வராது. ஆகையால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைத் திருத்திப் புத்தகத்தில் வருவது போல எழுதிக்கொள் என்று விட்டுவிட்டேன். அந்தக் காலத்தில் நானும் மற்றவர்களும் பேசிக்கொண்டதை மட்டும் பேசியபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

மலை ஊர்களுக்குப் போகிற வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்பிள்ளைகளே, இது உங்களுக்கு. உங்கள் சிஸ்டர் என்னை வந்து பேசச் சொன்னார். முழங்கால் விடவில்லை. ஊசி போடுவது, கொதிக்க வைப்பது, துணி மடிப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வருவது ஒரு கம்பைப் பற்றி.

அறுபதுகளில் சித்தேரி மலைக்கு அடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். மலைக்கு அப்போது பஸ் கிடையாது. ஒற்றையடிப் பாதைதான். மேலே யாருக்காவது முடியாமல் போனால் ஒரு நீளக் கம்பில் போர்வையைத் தூளிபோலக் கட்டி, அதில் படுக்க வைத்து, முன்னே ஒருவர் பின்னே ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அதுதான் டோலி. கூடவே நடந்து வருவது என் வேலைகளில் ஒன்று.

எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. என் அப்பா நல்லம்பள்ளிப் பக்கத்தில் வண்டி செய்கிறவர். சக்கரம், அச்சு, நுகத்தடி என்று மரத்துக்கு நடுவில் பிறந்தவள் நான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டு மரத்தைக் கையில் கொடுத்தால் தட்டிப் பார்த்துப் பேர் சொல்லுவேன். அப்படிப்பட்டவள் முதன்முதலாக மலைக்காரர்கள் டோலி தூக்குவதைப் பார்த்ததும் பதறிப்போனேன். கம்பு நடுவில் வில்லாக வளைந்து, ஒவ்வொரு அடிக்கும் மேலும் கீழும் போய் வந்தது.

"ஏனுங்க, இது நடுவழியில ஒடிஞ்சா யாரு பதில் சொல்றது?" என்று சத்தம் போட்டேன்.

அவர்கள் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்கள். அடுத்த முறை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கேட்டு, வண்டி அச்சுக்குப் போடும் ஆச்சா மரத்தில் ஒரு கம்பு வாங்கி வந்தேன். கருஞ்சிவப்பு, நூல் பிடித்த நேர். மேலே ஒரு பெரியவர் கால் முறிந்து கிடந்தார். அந்தக் கம்பில்தான் அவரைக் கட்டித் தூக்க வைத்தேன். கம்பு இம்மியும் வளையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியவரோ அடிக்கு ஒருதரம் அலறினார். பாதி மலை இறங்கியதும் என்னைக் கூப்பிட்டார்.

"தாயி, என்னைய இங்கயே எறக்கி வுட்டுரு. அந்தக் கம்ப மட்டும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. அதுக்குத்தான் ஒரு நோவும் வராம இருக்கு."

தூக்குகிறவர்கள் சிரித்த சிரிப்பில் டோலியே குலுங்கியது. அதற்கும் அவர் அலறினார்.

தூக்குகிறவர்களில் மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை மாமா என்பார்கள், நானும் அப்படித்தான். அவர் பேர் கடைசிவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் என்னைத் திட்டவில்லை. அடுத்த வாரம் நான் மேலே போனபோது, இரண்டு குடம் தண்ணீரைத் தன் கம்பின் இரண்டு முனையிலும் கட்டி என் தோளில் வைத்தார்.

"நடங்க ஆயாம்மா."

நடந்தேன். நான் காலைத் தரையில் வைக்கும்போது குடம் தாழ்ந்தது, காலை எடுக்கும்போது தானாக மேலே வந்தது. சுமை பாதி நேரம் என் தோளிலேயே இல்லாதது போல இருந்தது. குடத்துத் தண்ணீர் சிந்தவில்லை. பிறகு அதே குடங்களை என் ஆச்சாக் கம்பில் கட்டிக் கொடுத்தார். பத்தடியில் புடவை நனைந்தது, தோளில் தோல் உரிந்தது.

அவர் கம்பு தடசு. இந்த இரண்டு மரத்தையும் நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. தடசில் நார் நீளநீளமாக, முனையிலிருந்து முனை வரைக்கும் ஓடும். இரண்டு கல்லின் மேல் வைத்து நடுவில் ஏறி நின்றால் தாழும், இறங்கினால் பழையபடி நிமிரும். ஒடிவதாக இருந்தாலும் சட்டென்று ஒடியாது. முதலில் முனகும், பிறகு சிம்பு சிம்பாகப் பிரியும், சுமையை இறக்கிவைக்க நேரம் கொடுக்கும். ஆச்சா வேறு சாதி. கோடாலி போட்டால் மணி அடித்தது போலக் கேட்கும். ஆணி அடித்தால் ஆணி வளையும். தண்ணீரில் போட்டால் கல்லாக மூழ்கும், கரையான் கிட்டே வராது. மண்ணில் நட்டால் நட்டவனுக்குப் பிறகும் நிற்கும். வண்டி அச்சு வளையக்கூடாது, டோலிக் கம்பு வளைய வேண்டும். வண்டி செய்கிறவர் மகளான எனக்கு இதில் பாதிதான் தெரிந்திருந்தது.

ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் என் பேரன் போன வருடம் ஒரு சுத்தியல் கொண்டு வந்தான். பிடி சீமை மரம், பேர் ஹிக்கரி என்றான். வாங்கி வளைத்துப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். நம் தடசுக்குப் பங்காளி. ஹார்ன்பீம் என்று இன்னொன்றும் அங்கே உண்டாம். கறி வெட்டும் கட்டைக்கும், பழைய ஆலைகளில் மரப் பல்சக்கரத்துக்கும் போடுவார்களாம். அவன் போனில் காட்டிய படத்தை வைத்து மரத்தைத் தட்டிப் பார்க்க முடியாது, ஆனாலும் அவன் சொன்ன குணத்தைக் கேட்டால் அது ஆச்சாவுக்குப் பங்காளி. எந்தத் தேசமானாலும் வளைகிற மரம் ஒன்று, வளையாத மரம் ஒன்று மனுசருக்கு வேண்டியிருக்கிறது.

மரம் எனக்கு முழுசாகத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஐப்பசி வந்தது.

மேலே பத்து வீடுள்ள ஒரு சின்ன ஊர். சின்னபாப்பா என்று ஒரு பெண், தலைப்பிரசவம். முந்தின நாள் காலையிலிருந்து வலி. எங்கள் நர்சம்மா வேறு ஊருக்குப் போயிருந்தார். நான் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடிந்ததும் ஏறினேன். வயிற்றில் கை வைத்ததும் தெரிந்தது, தலை ஒரு பக்கம் கிடந்தது, குழந்தை குறுக்கே. பனிக்குடம் இன்னும் உடையவில்லை. நர்சம்மா எனக்குப் பலமுறை சொல்லியிருந்தார், குறுக்கே கிடக்கும்போது நீர் உடைந்தால் குழந்தையின் கையோ கொடியோ முதலில் வந்துவிடும், பிறகு யார் கையிலும் இல்லை என்று. எட்டு மைல் இறங்கி ரோட்டைப் பிடிக்க வேண்டும். அதுவும் குலுங்காமல் போக வேண்டும்.

ஊரில் இருந்த ஒரே டோலிக் கம்பு, மாமாவின் அந்தத் தடசு, அன்று இல்லை. சாமை மூட்டை கட்டிக்கொண்டு முந்தின நாள்தான் அதை எடுத்துப் போயிருந்தார்கள். ஊர் ஆண்கள் எல்லோரும் அந்த மூட்டைகளோடு சந்தைக்குப் போயிருந்தார்கள். மிஞ்சியது நான்கு பேர்: மாமா, சின்னபாப்பாவின் புருசன், பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர். பச்சையாக ஒரு தடசை வெட்டிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். பச்சைத் தடசு வளையும், நிமிராது. ஆள் ஏறினால் தூளி தரையில் தேயும்.

கை கழுவ ஓடைக்குப் போனேன். அக்கரையில் ஒரு பாறை ஓரம் ஒரு கம்பு கிடந்தது. பார்த்ததும் என் கண் விரிந்தது. தடசு. நன்றாக ஆறப்போட்ட கம்பு, தோள் படுகிற இடத்தில் எண்ணெய் தேய்த்தது போல வழவழப்பு. ஒரு முடிச்சு இல்லை. ஓடையைத் தாண்டிப் போய்த் தட்டிப் பார்த்தேன், வளைத்துப் பார்த்தேன். இவ்வளவு நல்ல கம்பை எந்தப் புண்ணியவான் வீசிவிட்டுப் போனான் என்று நினைத்துக்கொண்டே தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். அந்த நேரத்தில் நான் ஓடையிலிருந்து வரவில்லை, பட்டாபிஷேகத்திலிருந்து வந்தேன்.

வாசலை நெருங்கியதும் சின்னபாப்பாவின் மாமியார் என்னைப் பார்த்தார். கையிலிருந்த வெந்நீர்ச் சட்டியைக் கீழே போட்டார்.

"ஐயோ, ஆயாம்மா! அத வூட்டண்ட கொண்டாராதீங்க! அங்கியே போடுங்க!"

அண்ணன் தம்பி இரண்டு பேரும் நான்கடி பின்னால் போனார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். சின்னபாப்பாவின் மாமனார் இறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. அவரைக் கட்டித் தூக்கிப்போன கம்பு அது. பிணம் தூக்கிய கம்பை ஓடைக்கு இந்தப் பக்கம் கொண்டுவர மாட்டார்கள், அங்கேயே மக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அது அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

"கட்டைக்கு என்னங்க தெரியும், பொணம் எது உசுரு எதுன்னு?"

"தெரியுமோ தெரியாதோ. பொணம் போனதுல புள்ளத்தாச்சியத் தூக்குவாங்களா?"

"உங்க பயத்துக்கு இந்தப் பொண்ணு சாவணுமா?"

சாவு என்கிற வார்த்தையை அந்த வாசலில் நின்று சொன்னவள் நான். மாமியார் நிலைப்படியிலேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். புருசன் என் முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். நான் மரத்தின் குணத்தை எல்லாம் எடுத்துச் சொன்னேன். நார் எப்படி ஓடுகிறது, எப்படி வளையும், அந்தக் கால் முறிந்த பெரியவர் என்ன பாடுபட்டார் என்று. எல்லாம் சரியான பேச்சு. சரியான பேச்சைப் பேசிப் பேசியே நேரத்தைக் கரைத்தேன்.

மாமா எழுந்து ஆட்டுப் பட்டிக்குப் போனார். அதன் கூரையில் குறுக்கே போட்டிருந்த மரத்தைத் தட்டினார். ஓசையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆச்சா. அவர் அதை இறக்க ஆரம்பித்தார்.

"மாமா, அது ஆவாது. குலுக்கியே நீரு ஒடஞ்சிரும்."

"அது ஆவாதுன்னு அவங்க, இது ஆவாதுன்னு நீங்க. ரெண்டு பக்கமும் இழுத்தா எப்புடி? ஏறப் போறவளக் கேட்டீங்களா ஆயாம்மா?"

கேட்கவில்லை. நான்கு ஆண்கள், ஒரு மாமியார், ஆஸ்பத்திரி ஆயா, இத்தனை பேர் வாசலில் நின்று பேசினோம். உள்ளே படுத்திருந்தவளுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வலி ஒன்று வந்து போகும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னபாப்பா, கேட்டுக்கிட்டுத்தான இருந்த? அந்தக் கம்புல போனா நோவு கம்மி. நல்ல கம்பு. நீ என்ன சொல்ற?"

"நல்ல கம்பாத்தான் இருக்கும் அக்கா. நீங்க பக்கத்துல நடந்து வருவீங்க. தூக்கறவங்க பாதையப் பாத்து நடப்பாங்க. நான்தான மல்லாந்து படுத்து அதையே பாத்துக்கிட்டு வரணும்?"

 எத்தனையோ டோலிக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறேன். உள்ளே படுத்திருப்பவர் கண்ணுக்கு என்ன தெரியும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. தூளியில் ஒருக்களிக்க முடியாது. இரண்டு பக்கமும் துணி, மேலே கம்பு. எட்டு மைலும் கண்ணுக்கு நேரே அந்தக் கம்பு ஒன்றுதான். மாமனார் போன கம்பைப் பார்த்துக்கொண்டே அவள் இறங்க வேண்டும், நான் நார் ஓட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு கூட வருவேன்.

"சரி கண்ணு. அது வேண்டாம்" என்று எழுந்தேன்.

அந்தக் கம்பை நானே தூக்கிக்கொண்டு போய் ஓடைக்கு அக்கரையில், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். திரும்பும்போதுதான் புத்தி வேலை செய்தது. அப்பா செய்த வண்டிகளிலும் அச்சு வளையாத மரம்தான். அதன் மேல்தானே கல்யாணப் பெண்ணைக்கூட ஏற்றிப் போனார்கள்? மரத்துக்கும் ஆளுக்கும் நடுவில் கயிற்றை வலைபோலப் பின்னி, அதன் மேல் வைக்கோல் போடுவார் அப்பா. முரட்டு மரத்தை மாற்ற முடியாவிட்டால் நடுவில் எதையாவது வைக்கலாம்.

ஓடையோரம் இளந்தடசு சில நின்றன. கம்புக்கு உதவாத மெலிசு. ஆனால் தடசுப் பட்டை நாராக உரியும். புருசனும் மாமாவும் அதை உரித்துக் கொடுத்தார்கள். நானும் மாமியாரும் எதிரெதிரே உட்கார்ந்து மூன்று புரியாகப் பின்னினோம். அவர் கண் நாரைவிட்டு எழவில்லை. என் பின்னல் தளர்ந்த இடத்தை மட்டும் அவர் பிடுங்கிச் சரி செய்து திருப்பிக் கொடுத்தார். போர்வையை, மாமா இறக்கிய ஆச்சாக் கம்பில் நேராகக் கட்டாமல், முனைக்கு ஒரு முழம் அந்தப் பச்சை நார்க் கயிற்றை விட்டு அதில் தொங்கவிட்டோம். தூக்குகிறவர்கள் தோளில் பழந்துணியை மடித்து வைத்தேன். மாமா ஒரு யோசனை சொன்னார்.

"இது தடசு இல்லடா, தாளம் போட்டு நடக்காதீங்க. முன்னாடி போறவன் வலது காலு வெச்சா பின்னாடி போறவன் எடது காலு வைங்க. அப்பத்தான் ரெண்டு குலுக்கும் ஒண்ணாச் சேராது."

புறப்பட்டோம். பத்தடி போனதும் சின்னபாப்பா கூப்பிட்டாள். தூளிக்குள் குனிந்தேன்.

"என்ன கண்ணு?"

"ஆட்டுப் புழுக்க நாத்தம் அடிக்குது அக்கா."

"அதையே பாத்துக்கிட்டு வா. மாமனாரு நெனப்பு வராது" என்றார் மாமா. அவள் சிரித்துவிட்டு உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

குலுக்கல் குறைந்தது. ஆனால் கயிறு நீளமாகிவிட்டதால் தூளி பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. ஒரு பக்கம் நான் பிடித்தேன். மறுபக்கம் பிடிக்க ஆள் வேண்டும். தூக்குகிற நான்கு பேரும் இரண்டிரண்டு பேராக மாறி மாறித் தூக்கியும் ஆச்சாக் கனத்தில் மூச்சு வாங்கினார்கள். மாமியார் வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். எட்டு மைலும் நாங்கள் இரண்டு பேர், நடுவில் அந்தப் பெண். பாதை குறுகுகிற இடத்தில் அவர் முள்ளில்தான் நடந்தார். காலில் செருப்பு இல்லை. பிடித்த கையை எடுக்கவில்லை.

பாதி மலையில் ஒரு ஓடையைத் தாண்டும்போது, என்னைப் பார்க்காமலே அவர் பேசினார்.

"அது அவரு கம்புதான் ஆயாம்மா. அவரே வெட்டி, அடுப்புக்கு மேல போட்டு ரெண்டு வருசம் ஆறவெச்சாரு. எத்தன பேர அதுல தூக்கியிருக்காரு. நல்ல கம்புன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

என் கண்ணில் நீர் முட்டியது. நான் கம்பைத்தான் பார்த்தேன், அந்த வழவழப்பு யார் தோள் தேய்த்தது என்று கேட்கவில்லை.

"தப்பாப் பேசிட்டேங்க. வாசல்ல நின்னு சொல்லக்கூடாத வார்த்தையச் சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் தூளியைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்தார்.

"நல்லா இறுக்கிப் புடிங்க. உங்க பக்கம்தான் ஆடுது" என்றார்.

சாயங்கால வெயில் இருக்கும்போதே ரோட்டைத் தொட்டோம். மரம் ஏற்றிவந்த ஒரு லாரி நின்றது. அதில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பனிக்குடம், அங்கே அவள் மேசையில் படுத்த பிறகுதான் உடைந்தது. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். வராந்தாவில் குழந்தையை முதலில் என் கையில்தான் கொடுத்தார்கள். நான் வாங்கி மாமியார் மடியில் வைத்தேன். அவர் உள்ளங்கை இரண்டும் தடசு நாரின் சாறு பட்டுக் கறுத்திருந்தன. என் கையும் அப்படித்தான். ஒரு வாரம் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை, நானும் அவ்வளவாகத் தேய்க்கவில்லை.

பிள்ளைகளே, உங்களுக்கு இப்போது ரோடு இருக்கிறது, வண்டி இருக்கிறது. டோலிக் கம்பு தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் கையில் நல்ல பொருள் ஒன்று இருக்கும், எதிரில் இருப்பவர் வேண்டாம் என்பார். அப்போது உங்களுக்குக் கோபம் வரும். நீங்கள் சொல்வது சரியாகவும் இருக்கும், அதனால்தான் கோபம் வரும். மரத்தைத் தட்டினால் அதன் குணம் தெரியும், அது எங்கே போய் வந்தது என்பது தெரியாது. அதை வீட்டுக்காரரைக் கேளுங்கள். அதற்கு முன்னால் படுத்திருப்பவரைக் கேளுங்கள், அவருக்கு அங்கிருந்து என்ன தெரிகிறது என்று. அதற்கு அதிக நேரம் ஆகாது. நான் வாசலில் நின்று கத்திய நேரத்தில் பத்துத் தடவை கேட்டிருக்கலாம்.

போதும் கண்ணு, எழுதினதைப் படித்துக் காட்டு. இல்லை, முதலிலிருந்து வேண்டாம். சின்னபாப்பா சொன்னாள் பார், நான்தான மல்லாந்து படுத்துப் பார்த்துக்கொண்டு வரணும் என்று, அதை அவள் சொன்னது மாதிரியே எழுதினாயா, இல்லை என் பேச்சைத் திருத்தியது போல அதையும் மாற்றிவிட்டாயா? எங்கே, அந்த இடத்தை மட்டும் படி, கேட்கிறேன்.